மூத்த நட்சத்திர வீரரிடமிருந்து இளைஞர்களுக்கு: ஹாக்கி அணியைக் கைமாற்றும் முறை

உதகையிலோ குன்னூரிலோ ஓர் உள்ளூர் ஹாக்கி அணி பல ஆண்டுகளாக ஒரே சென்டர் ஹாஃபை (நடுக்களத்தின் மைய வீரரை) நம்பி ஆடி வந்திருந்தால், அவருக்கு வயது முப்பத்தைந்தை நெருங்கும்போது, மாற்று வீரரைத் தேடுவதற்கு முன்பாக, அவர் களத்தில் என்னென்ன வேலைகளைச் செய்கிறார் என்று எழுதிப் பார்க்க வேண்டும். பின்வரிசையிலிருந்து பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பது, பெனால்டி கார்னர் (எதிரணியின் தவறுக்காகக் கோலுக்கு அருகே கிடைக்கும் வாய்ப்பு) அடிப்பது, குரல் கொடுத்து மற்றவர்களை இடம் மாற்றுவது எனப் பட்டியல் நீளும். இவை அனைத்தையும் ஒரே இளைஞரின் தலையில் கட்டாமல், மூன்று நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள்.

ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி இறக்கலாம் என்ற விதி இதற்குக் கைகொடுக்கிறது. 15 நிமிடப் பகுதிகள் நான்கில் முதலாவதிலும் கடைசியிலும் மூத்தவரை ஆடவைத்து, நடுவிலுள்ள இரண்டை இளைஞரிடம் விடலாம். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையின் மெல்லிய காற்றில், வேகமாக ஓடித் திரும்பியவருக்கு மூச்சு சீராகக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால் மூத்தவருக்கும் இந்த ஓய்வு தேவை. ஆனால் இரண்டாம் பகுதியில் ஒரு கோல் வாங்கியவுடன் பதறி அவரைத் திரும்ப இறக்கினால், தம்மீது நம்பிக்கையில்லை என்பதை மட்டுமே இளைஞர் புரிந்துகொள்வார்.

அதிக நாள் பிடிப்பது பெனால்டி கார்னர்தான். பந்தைத் தள்ளிவிடுபவர், நிறுத்துபவர், அடிப்பவர் மூவரும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். ஆகவே முதல் சில மாதங்களுக்கு மூத்தவரைப் பந்து நிறுத்தும் இடத்தில் வைத்து, இளைஞரை அடிக்கச் சொல்லுங்கள். பந்து அசையாமல் நின்றாலே அடிப்பவரின் பயம் பாதி தீர்ந்துவிடும். மழையில் நனைந்த மேடுபள்ளமான மண் மைதானத்தில், பந்தை மட்டையோடு இழுத்துச் சுண்டிவிடும் டிராக் ஃபிளிக் எளிதில் வராது, அங்கே ஓங்கி அடிப்பதே பயன்படும். அப்படி அடிக்கும் முதல் ஷாட், கோல் கோட்டைக் கடக்கையில் 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் போனால் கோல் கிடையாது. ஃபிளிக்குக்கு இந்த வரம்பு இல்லை. கோலின் அடியில் அந்த உயரத்தைக் காட்டும் பலகை இல்லாத மைதானமாயின், அந்த உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டிப் பழக்குங்கள். டிராக் ஃபிளிக் இடுப்பையும் கீழ்முதுகையும் கடுமையாக முறுக்குவதால், வளரும் பிள்ளைகளுக்கு அதை அளவாகவே கொடுக்க வேண்டும்.

மாற்றத்தை மூத்தவரிடம் பயிற்சியாளரே நேரில் சொல்ல வேண்டும். “அண்ணே, இந்த வருஷம் கார்னர் தம்பி அடிக்கட்டும், நீங்க நிறுத்திக் கொடுங்க” என்ற அளவில் சொன்னால் போதும். அணிப்பட்டியலைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வது அழகல்ல. இந்திய அணியிலும் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஆடிக்கொண்டிருந்தபோதே கிருஷன் பாதக் பல ஆண்டுகள் மாறி மாறிக் கோல் காத்துப் பழகியிருந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கையோடு ஓய்வுபெற்ற ஸ்ரீஜேஷ், இளையோர் அணிக்குப் பயிற்சியாளரானார்.

புதியவர்களைத் தேர்ந்தெடுக்க ஏப்ரல், மே மாதங்கள் உதவா. சீசன் நெரிசலில் வண்டி ஓட்டுபவர்களும் விடுதிகளில் வேலை செய்பவர்களும் மைதானத்துக்கு வரவே முடியாது. தை, மாசியில், அன்றன்றைய காலை உறைபனி விலகிய பிறகு நடத்தலாம். தேறியவர்களைக் கோவில்பட்டி போன்ற செயற்கைப் புல்தரை உள்ள ஊருக்கு அழைத்துச் செல்லும்போது ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். மண்ணில் பழகிய கைக்கு அங்கே பந்து வரும் வேகம் பிடிபடக் குறைந்தது ஒரு பயிற்சியாவது வேண்டும்.