ஆறாவது புத்தகத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

அக்கா மகள் சென்ற மாதம் வந்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாரா ஜே. மாஸ் எழுதிய ‘திரோன் ஆஃப் கிளாஸ்’ தொடரின் ஏழாவது புத்தகமான ‘கிங்டம் ஆஃப் ஆஷ்’ஷை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, “சித்தி, இந்த யிரீன் யார்? எல்லாரும் அவளுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறார்களே?” என்று கேட்டாள்.

“ஆறாவதைப் படித்தாயா?”

“அதில் கதாநாயகியே வரமாட்டாளாமே. அதனால் விட்டுவிட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் பாதி, என் மேல் பாதி. 2018இல் நான் செய்ததும் இதேதான். காதல் கலந்த மிகைபுனைவு நாவல்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் விழுந்த குழிகளையே தேடிப் பிடித்து விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தொடரை முதல் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள் என்பது போன்ற விஷயங்களை நான் சொல்லத் தேவையில்லை.

முதல் புத்தகத்துக் காதலனை நம்புவது

நம்மில் பலர் மாத நாவல் படித்து வளர்ந்தவர்கள். முதல் அத்தியாயத்தில் முறைத்துக்கொள்ளும் இருவருக்குக் கடைசி அத்தியாயத்தில் கல்யாணம் நடக்கும். புத்தகம் பழைய பேப்பர் கட்டுக்குப் போகும். அந்தப் பழக்கத்தோடு அதே மாஸின் இன்னொரு தொடரான ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ (2015) பக்கம் வருகிறவர்கள் முதல் பாகத்தோடு மூடிவைத்துவிடுகிறார்கள். “அதுதான் சேர்ந்துவிட்டார்களே” என்றார் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர்.

அந்த முதல் பாகம் பழைய கதைகளின் மேல் கட்டியது. அழகியும் விலங்கும் கதையைப் பிரான்சில் வில்நெவ் 1740இல் நீளமாக எழுதினார். 1756இல் போமோன் அதைச் சுருக்கினார். இன்று நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் அந்தச் சுருக்கம்தான். இதோடு ‘டாம் லின்’ என்ற ஸ்காட்லாந்துக் கதைப்பாடலின் சாயலும் உண்டு. தேவதை ராணி பிடித்து வைத்திருக்கும் காதலன் பாம்பாகவும் நெருப்பாகவும் உருமாற, ஜேனட் அவனைக் கைவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். இந்தக் கதைகள் எல்லாம் சாபம் தீர்ந்த இடத்தில் முடிந்துவிடும். மாஸ் இரண்டாம் பாகத்தை அதற்கு அப்பால் தொடங்குகிறார்: காப்பாற்றிய பெண்ணுக்கு அதே மாளிகையில் மூச்சு முட்டினால்? தொடரின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. முதல் பாகம் வெறும் வாசல். எனக்கு அதன் நடுப்பகுதி இன்றும் இழுவையாகவே படுகிறது. ஆனாலும் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

பெயர் உச்சரிப்புக்காகத் தயங்குவது

‘கோர்ட்’ தொடரின் கதாநாயகி பெயர் ஃபேரா. நான் இரண்டு பாகம் வரை ஃபெயர் என்றே படித்தேன். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆறாவதைத் தாண்டுவது

இனி என் பழைய எரிச்சலுக்கு வருகிறேன்.

‘திரோன் ஆஃப் கிளாஸ்’ தொடரின் ஐந்தாம் புத்தகமான ‘எம்பயர் ஆஃப் ஸ்டார்ம்ஸ்’ 2016இல் வந்தது. கதாநாயகியை மிக மோசமான ஓர் இடத்தில் விட்டுவிட்டு முடிகிறது. அடுத்து என்ன ஆகும் என்று தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கும் வாசகர் கையில் 2017இல் கொடுக்கப்பட்டது ‘டவர் ஆஃப் டான்’. 600 பக்கத்துக்கு மேல். அதில் கதாநாயகி இல்லை. முன்பு அரண்மனைக் காவல்படைத் தலைவனாக இருந்து, முதுகெலும்பில் அடிபட்டுக் கால் விளங்காமல் போன கேயோல், சிகிச்சைக்காகத் தென் கண்டத்துக்குக் கப்பலேறிப் போகிறான். நாலாவது புத்தகத்தில் அவன் பேசிய பேச்சுக்கு அவன் மேல் எனக்குக் கோபம் வேறு இருந்தது. “இவன் நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன” என்று அதை வாங்காமலே ஒரு வருடம் காத்திருந்து, 2018 அக்டோபரில் ஏழாவது வந்ததும் பாய்ந்தேன்.

ஏழாவது ஏறத்தாழ 1,000 பக்கம். தொடக்கத்திலேயே தெற்கிலிருந்து ஒரு பெரும் படை கடலில் வந்துகொண்டிருக்கிறது. ருக் என்ற ராட்சதப் பறவைகள் மேல் வீரர்கள். அவர்களுக்கு ஓர் இளவரசன். கேயோல் பக்கத்தில் ஒரு மருத்துவப் பெண். எனக்கு ஒருவரையும் தெரியவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பக்கத்து உறவினர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவள்போல எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே பக்கங்களைத் தள்ளினேன். பிறகு ஓரிடத்தில், எதிரிகளில் ஒருவரைப் பற்றிய உண்மையை எல்லாரும் ஏற்கெனவே அறிந்ததுபோலச் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். முழுத் தொடரையும் புரட்டிப் போடும் செய்தி அது. அதைக் கண்டுபிடிக்கும் காட்சி ஆறாவதில் இருக்கிறது. எனக்கோ அது பேச்சுவாக்கில் கிடைத்த துணுக்காகப் போய்விட்டது. அந்த உண்மை என்னவென்று இங்கே எழுத மாட்டேன்.

திரும்பிப் போய் ஆறாவதை வாங்கினேன். நல்ல புத்தகம், தொடரிலேயே மனிதர்கள் மனிதர்களாக நடந்துகொள்ளும் புத்தகம் அதுதான் என்பேன். குணமாவதற்கு முன் கோபம் வடிய வேண்டும் என்பதை அவசரப்படாமல் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் காட்சி வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போடவில்லை. இனி எத்தனை முறை படித்தாலும் போடாது. புத்தகத்தின் விலை போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். இதை எங்கே போய் வாங்குவது?

இன்னொன்றும் கைநழுவியது. 2014இல் வந்த ‘தி அசாசின்ஸ் பிளேட்’ தொகுப்பில், முதல் நாவலுக்கு முந்தைய ஐந்து கதைகள் உண்டு. அதில் ஒன்றில், இன்னிஷ் என்ற துறைமுக ஊரின் விடுதியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குக் கதாநாயகி தற்காப்பு சொல்லிக்கொடுத்து, பணமும் ஒரு துண்டுக் காகிதமும் வைத்துவிட்டுப் போவாள். பெயர்கூடச் சொல்லாமல். அந்தப் பெண்தான் யிரீன், பின்னால் கேயோல் பக்கத்தில் நான் பார்த்த மருத்துவப் பெண். அந்தக் காகிதம் ஆறாவதில் என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்குத்தான் ஏழாவதில் அது வெளியே எடுக்கப்படும்போது தொண்டை அடைக்கும். நான் “ஓ, காகிதமா” என்று பக்கத்தைத் திருப்பினேன்.

ஆகவே வரிசை இது: மூன்றாவது முடித்ததும் முன்கதைத் தொகுப்பு, பிறகு நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. ஐந்தும் ஆறும் ஒரே காலத்தில் நடப்பதால் இரண்டையும் அத்தியாயம் மாற்றி அத்தியாயம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் மறுவாசிப்பில் ஒன்றில் பஸ் டிக்கெட்டும் மற்றதில் மருந்துக்கடை ரசீதும் செருகிப் படித்தேன், சுவையாக இருந்தது. முதல் வாசிப்புக்கு வேண்டாம். ஐந்தாவதின் வேகம் செத்துவிடும்.

கதாபாத்திரத்தின் பெயரை இணையத்தில் தேடுவது

தேடாதீர்கள். நீங்கள் பெயரை முடிப்பதற்குள் தேடுபெட்டி “இறப்பு” என்று சேர்த்துவிடும்.

அட்டையைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வாங்குவது

ஃபேரா வரும் ‘கோர்ட்’ தொடர் இளையோர் பிரிவில்தான் அறிமுகமானது. 2020இல் அட்டையை மாற்றிப் பெரியவர்களுக்கான நூலாக வெளியிட்டார்கள். பழைய அட்டையில் நிற்கும் பெண்ணைப் பார்த்து ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிவிடாதீர்கள். 2021இல் வந்த ‘எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃப்ளேம்ஸ்’ பெரியவர்களே கதவைச் சாத்திக்கொண்டு படிப்பது.

முடியாத தொடரில் கால் வைப்பது

ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ ஐந்து பாகங்களாகத் திட்டமிடப்பட்டது. முதல் இரண்டும் 2023இலேயே வந்தன. மூன்றாவது 2025 ஜனவரியில்தான் வந்தது. காத்திருக்க முடியாதவர்கள் நவோமி நோவிக்கின் ‘அப்ரூட்டட்’ (2015) எடுங்கள். ஒரே புத்தகம், போலந்து நாட்டார் கதைகளின் மணம், தொடக்கமும் முடிவும் அதற்குள்ளேயே. காதல் சற்றுக் குறைவு, காடு அதிகம்.

இரவல் கொடுப்பது

என் ‘அசாசின்ஸ் பிளேட்’ 2021இல் போனது. அக்கா மகளுக்குக் கொடுக்க அலமாரியில் தேடியபோதுதான் நினைவு வந்தது. வாங்கிப் போனவர் இதைப் படிக்க நேர்ந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.