சாலை விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பம் இழப்பீடு கோருவது எப்படி

வாகன விபத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய குடும்பத்தினர் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இழப்பீடு கோரலாம் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். அந்தத் தொகை எதை வைத்து முடிவாகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வழக்கறிஞரின் வாதத்திறமையால் தொகை கூடும் என்று நம்பி, முதல் சில வாரங்களில் திரட்ட வேண்டிய ஆவணங்களைக் கோட்டைவிடும் குடும்பங்கள் ஏராளம். இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும்தான் இழப்பீட்டுக் கணக்கின் அடிப்படை. இவற்றில் வருமானத்தை நிரூபிப்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் தளர்ந்துபோகின்றன.

யார் மனு செய்யலாம்

சட்டப் பிரிவு 166-இன்படி இறந்தவரின் சட்டப்பூர்வப் பிரதிநிதிகள் அனைவரும் சேர்ந்தோ, அனைவர் சார்பாகவும் சிலரோ மனு தாக்கல் செய்யலாம். மனுதாரராகச் சேர மறுப்பவரை எதிர்மனுதாரராகவாவது காட்ட வேண்டும். குடும்பத்துக்குள் மனஸ்தாபம் இருந்தால் அதற்காக வழக்கு நிற்க வேண்டியதில்லை. வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் முதன்மையான ஆவணம்தான் என்றாலும், அதில் பெயர் இல்லாத ஒருவர் உரிமை இழந்துவிட்டார் என்று பொருளில்லை. மருமகனின் வீட்டில் அவரையே நம்பி வாழ்ந்த மாமியாரும் சட்டப்பூர்வப் பிரதிநிதியே என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. திருமணமாகி வேலைக்குப் போகும் மகன்களும் மனு செய்யலாம் என்று 2020-இல் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது.

இறந்தவர் வீட்டு வேலைகளை மட்டுமே பார்த்துவந்த பெண் என்றால், வருமானம் இல்லை என்று எண்ணி மனுவைக் கைவிடக் கூடாது. இல்லத்தரசியின் உழைப்புக்கும் ஒரு மதிப்பு வைத்து இழப்பீடு கணக்கிட வேண்டும் என்பது நிலைபெற்ற சட்டம்.

முதல் வாரங்களில் சேகரிக்க வேண்டியவை

முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ் ஆகியவை எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அவற்றோடு காவல்துறை தயாரிக்கும் சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, விபத்தை ஏற்படுத்திய வாகனத்தின் பதிவுச் சான்று, காப்பீட்டுப் பாலிசி, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்களும் வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த அறிக்கைகளின் நகலைக் கேட்டுப் பெறுவது குடும்பத்தின் உரிமை; காவல் நிலையத்தில் இதைத் தயங்காமல், எழுத்துமூலமாகவே கேட்கலாம்.

ஒரு விஷயத்தை இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விபத்தில் அடிபட்டவர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, வீடு திரும்பி, சில வாரங்கள் கழித்து இறந்துபோவது உண்டு. துக்கத்தில் இருக்கும் குடும்பம் பிரேதப் பரிசோதனையைத் தவிர்த்துவிட்டு உடலை அடக்கம் செய்துவிடும். பிறகு, இறப்புக்கும் விபத்துக் காயத்துக்கும் தொடர்பில்லை, இது நெஞ்சுவலியால் நேர்ந்த மரணம் என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடும்போது மறுப்பதற்குக் கையில் எதுவும் இருக்காது. அத்தகைய இறப்பை உடனே காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, வழக்கின் சட்டப்பிரிவை மரணத்துக்குரியதாக மாற்றச் செய்து, பிரேதப் பரிசோதனைக்கும் சம்மதிக்க வேண்டும். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கைகள், மருந்துச் சீட்டுகள் எதையும் தூக்கியெறியக் கூடாது.

வயதுக்கு ஆதார் அட்டை போதும் என்று எண்ணுவது இன்னொரு பொதுவான பிழை. ஆதார் அடையாளத்துக்கான ஆவணமே தவிர பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று கூறிய உச்ச நீதிமன்றம், 2024-இல் ஒரு விபத்து வழக்கில் பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ள தேதியையே ஏற்றுக்கொண்டது. வயது ஓராண்டு மாறினால்கூடத் தொகை லட்சக்கணக்கில் மாறலாம். எப்படி என்பது கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது

உச்ச நீதிமன்றத்தின் 2009-ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பும், 2017 அக்டோபர் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு வழங்கிய பிரணய் சேத்தி தீர்ப்பும் கணக்கு முறையை வகுத்துத் தந்துள்ளன. முதலில் மாத வருமானத்தோடு எதிர்கால வருமான உயர்வு கூட்டப்படும்: நிரந்தரப் பணியில் இருந்தவருக்கு 40 வயதுக்குள் 50 சதவீதம், 40 முதல் 50 வரை 30 சதவீதம், 50 முதல் 60 வரை 15 சதவீதம், சொந்தத் தொழில் செய்தவருக்கும் ஆண்டு உயர்வில்லாத நிலையான சம்பளக்காரருக்கும் இதே வரிசையில் 40, 25, 10 சதவீதம். அடுத்து, இறந்தவர் தமக்காகச் செலவழித்திருக்கக்கூடிய பங்கு கழிக்கப்படும். சார்ந்திருந்தோர் இருவர் அல்லது மூவர் என்றால் மூன்றில் ஒரு பங்கும், நால்வர் முதல் அறுவர் வரை என்றால் நான்கில் ஒரு பங்கும், அதற்கு மேற்பட்டால் ஐந்தில் ஒரு பங்கும், மணமாகாதவர் என்றால் பொதுவாகப் பாதியும் கழியும். மீதியை ஆண்டுத் தொகையாக்கி, வயதுக்குரிய பெருக்கெண்ணால் பெருக்குவார்கள். 25 வயது வரை 18-ஆக இருக்கும் அந்த எண் படிப்படியாகக் குறைந்து, 36 முதல் 40 வரை 15, 46 முதல் 50 வரை 13, 56 முதல் 60 வரை 9, 65-க்கு மேல் 5 என்றாகிறது.

சொந்தமாக இருசக்கர வாகனப் பட்டறை நடத்திவந்த 38 வயதுக்காரர் ஒருவர் மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் ஆகியோரை விட்டுச் சென்றார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20,000 ரூபாய் வருமானம் நிரூபிக்கப்பட்டால், 40 சதவீதம் கூட்டி 28,000, நான்கில் ஒரு பங்கு கழித்து 21,000, ஆண்டுக்கு 2,52,000, 15-ஆல் பெருக்கினால் 37,80,000 ரூபாய். அதே மனிதரின் வருமானத்துக்கு எந்தச் சான்றும் இல்லாமல், தீர்ப்பாயம் உத்தேசமாக 12,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் தொகை 22,68,000 ஆகச் சுருங்கிவிடும். ஏறத்தாழ 15 லட்ச ரூபாய் வித்தியாசம்! வருமான வரிக் கணக்கு இல்லாவிட்டாலும், வங்கிக் கணக்கு அறிக்கை, கடைக்கான உரிமம், உதிரிபாகங்கள் வாங்கிய ரசீதுகள், வாடகை ஒப்பந்தம், கடன் தவணை கட்டிய விவரம் எல்லாம் இங்கே பேசும். பட்டறைக்குப் பொருள் கொடுத்த வியாபாரியையே சாட்சியாக அழைக்கவும் முடியும்.

இதற்கு மேல், துணையை அல்லது பெற்றோரை அல்லது பிள்ளையை இழந்ததற்காக 40,000, இறந்தவர் சேர்த்து வைத்திருக்கக்கூடிய சொத்தின் இழப்புக்கு 15,000, ஈமச்செலவுக்கு 15,000 என்று 2017-இல் நிர்ணயித்த தொகைகள் உண்டு. இவை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை 10 சதவீதம் உயர வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. ஆயுள் காப்பீட்டுத் தொகை, வருங்கால வைப்பு நிதி, குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றை இந்த இழப்பீட்டிலிருந்து கழிக்கக் கூடாது. ‘உங்களுக்குத்தான் எல்.ஐ.சி. பணம் வந்துவிட்டதே’ என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

எங்கே, எப்போது, எந்தப் பிரிவில்

மனுவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் எதன் எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்தை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், வெளிமாநிலத்தில் நடந்த விபத்துக்காக அங்கே அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும் என்று 2019 திருத்தம் கூறுகிறது. இந்த வரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது என்றாலும், அதை நம்பித் தாமதிப்பது விவேகமல்ல.

ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய 166-ஆம் பிரிவைத் தவிர, யாருடைய தவறு என்று பார்க்காமலே மரணத்துக்கு 5 லட்ச ரூபாய் தரும் 164-ஆம் பிரிவும் இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டால் 166-இன் கீழ் உள்ள மனு காலாவதியாகிவிடும். மேலே கண்ட கணக்கோடு ஒப்பிட்டால், சம்பாதிக்கும் வயதில் இறந்தவரின் குடும்பத்துக்கு இது மிகக் குறைவு என்பது தெளிவு. எதிரே வந்த வாகனத்தின் தவறை நிரூபிக்க வழியே இல்லாதபோது மட்டும் யோசிக்கத்தக்கது. கவனக்குறைவை நிரூபிப்பதற்குக் குற்றவியல் வழக்கின் அளவுக்குச் சான்று தேவையில்லை. ஓட்டுநர் குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலையானாலும் இழப்பீட்டு மனு அதனாலேயே தோற்றுப்போவதில்லை.

மோதிய வாகனம் எதுவென்றே தெரியாவிட்டால், அதற்கெனத் தனித் திட்டத்தின்கீழ் 2 லட்ச ரூபாய் கிடைக்கும். இறந்தவர் தம்முடைய வாகனத்தைத் தாமே ஓட்டிச் சென்று, தம் தவறாலேயே விபத்துக்குள்ளாகியிருந்தால் மேற்கண்ட வழக்கு நிற்காது. ஆனால் அவருடைய பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் பாலிசியின் இந்த வரியைக் கவனிப்பதே இல்லை.

சமரசமும் தீர்ப்புக்குப் பிறகும்

காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரி விபத்துத் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தின் முன் ஒரு தொகையை முன்வைக்கலாம். லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்திலும் பேசி முடிக்கலாம். ஆனால் அங்கே கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது. எந்தத் தொகையை ஏற்பதற்கு முன்பும் மேலே சொன்ன கணக்கைக் குடும்பமே ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் தமக்கு என்று வழக்கறிஞர் பேசிக்கொள்வது இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி தடைசெய்யப்பட்டது. வெற்றுத்தாளிலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்துக் கேட்கும் தரகரைப் பிணவறை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

தீர்ப்பான தொகை வட்டியோடு தீர்ப்பாயத்தில் செலுத்தப்படும். சிறுவர்களின் பங்கு அவர்கள் வயதுக்கு வரும்வரை வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்கும். தொகை குறைவு என்று கருதினால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். எதிர்த்தரப்பு பணத்தைச் செலுத்தாவிட்டால் நிறைவேற்று மனு போட வேண்டும். பேருந்து நிலையத்தில் அரசுப் பேருந்து ஜப்தி செய்யப்பட்டதாக அவ்வப்போது நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் இத்தகைய மனுக்களின் விளைவுதான்.