ஒரு பாக்கெட் கறித்தூளுக்கு எவ்வளவு நேரம்? ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கும் முறை

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் சிறிய மசாலாப் பட்டறை நடத்துபவருக்குத் தீபாவளி நெருங்கும்போது ஒரு கேள்வி வந்தே தீரும்: ஓர் ஆள் ஒரு நாளில் 250 கிராம் பாக்கெட் எத்தனை போட முடியும்? ‘நேற்று 700 போட்டார்கள்’ என்பது பதிலாகாது. நேற்று தூள் கட்டிபட்டிருந்ததா, பையின் வாயைச் சூட்டால் ஒட்டும் சீலர் நின்றுபோனதா என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து அளந்தால்தான் தெரியும்.

ஒளிந்து நின்று அளக்கவே கூடாது. “அக்கா, உங்கள இல்ல, இந்த வேலையத்தான் அளக்கப்போறேன், எப்பவும்போல செய்யுங்க” என்று சொல்லி, எழுதும் தாளையும் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். வேலை நன்றாகப் பழகிய, நடுத்தர வேகக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். கையும் தராசும் தெரியும்படி பக்கவாட்டில் நில்லுங்கள்.

அடுத்து, வேலையைக் கூறுகளாகப் பிரியுங்கள். பையை எடுத்து வாய் திறப்பது; தூள் அள்ளி நிறுப்பது; சீல் வைப்பது; லேபிள் ஒட்டி அட்டைப்பெட்டியில் போடுவது. எந்தக் கூறும் 0.04 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. அதற்குக் கீழே கண்ணும் கையும் ஒத்துழைக்காது. ஒரு கூறு முடியும் இடம் ஐயமின்றித் தெரிய வேண்டும். சீலரின் ‘டிக்’ சத்தம் நல்ல எல்லை. கடிகாரத்தை நிமிடத்தின் நூறில் ஒரு பங்காகப் பதியுங்கள், கூட்டல் எளிது. தொடக்கத்தில் ஓடவிட்ட கடிகாரத்தை நிறுத்தாமல், ஒவ்வொரு எல்லையிலும் நேரத்தைக் குறித்துக்கொண்டே போய், பிறகு கழித்தால் எந்த நேரமும் தொலையாது. ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குத் திருப்பினால், இடையில் தூள் சிந்தித் துடைத்த நேரம் காணாமல் போய்விடும்.

எத்தனை முறை அளப்பது? பத்து அளவு எடுத்து, நீங்களே கணக்குப் போடலாம். நிறுக்கும் கூறுக்கு 18, 20, 22, 19, 21, 20, 23, 17, 20, 20 வந்தது என்று வைப்போம் (எல்லாம் நூறில் பங்கு). கூட்டுத்தொகை 200, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 4,028. வர்க்கத் தொகையை அளவுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் 40,280. அதிலிருந்து 200இன் வர்க்கமான 40,000ஐக் கழித்தால் 280. அதை 40,000ஆல் வகுத்து 1,600ஆல் பெருக்கினால் 11.2. ஆக 12 அளவு தேவை, இன்னும் இரண்டு எடுங்கள். 95 விழுக்காடு நம்பகத்துடன் ஐந்து விழுக்காட்டுக்குள் பிழை நிற்க இதுவே வழி; 1,600 என்ற எண் அதற்காகத்தான். ஒரு வரிசையில் மட்டும் 35 வந்தால் அந்த எண்ணை உடனே அடித்து நீக்காதீர்கள். காரணம் எழுதுங்கள். பினாங்கில் மழை நாளில் தூள் ஈரம் குடித்துக் கட்டிபடும்; அது வேலையின் பகுதிதான். போன் பேசியதால் நின்றது என்றால் மட்டும் நீக்கலாம். காலையிலும் மதியத்திலும் வேறு வேறு நாட்களில் அளப்பதும் இதற்காகத்தான்.

கடினமான பகுதி வேக மதிப்பீடு, அதாவது கை 100 என்ற தர வேகத்தைவிடக் கூடவா குறைவாகவா ஓடுகிறது என்று எண்ணால் சொல்வது. யாரோ பார்க்கிறார்கள் என்றாலே கை விரைகிறது. பரவலாகப் பயன்படும் அளவுகோலில், சமதரையில் மணிக்கு 6.4 கிலோமீட்டர் நடக்கும் வேகம் 100. 32 மீட்டர் குறித்து, 18 வினாடியில் நடந்து பாருங்கள், அதுதான் 100. அதே தூரத்துக்கு 24 வினாடி ஆனால் 75. கண்ணைப் பழக்கிய பிறகே மதிப்பிடுங்கள், அதுவும் ஒவ்வொரு கூறையும் செய்யும்போதே. சீல் வைப்பதில் இயந்திரத்தின் சூடே நேரத்தை முடிவு செய்கிறது. அதற்கு எப்போதும் 100.

இப்போது கணக்கு. பை 0.08, நிறுப்பது 0.20, சீல் 0.12, லேபிள் 0.13. நிறுக்கும்போது மட்டும் வேகம் 110 என்றால், 100 வேகத்தில் அதே வேலைக்குக் கூடுதல் நேரம் ஆகும் என்பதால், 0.20 என்பது 0.22 ஆகும், மொத்தம் 0.55. இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். 24 பாக்கெட்டுக்கு ஒருமுறை பெட்டியை ஒட்டிப் புதுப் பெட்டி எடுக்க 0.72 நிமிடம், பாக்கெட்டுக்கு 0.03. 20 கிலோ சாக்கை 80 பாக்கெட்டுக்கு ஒருமுறை கொட்ட 1.60, பாக்கெட்டுக்கு 0.02. அடிப்படை நேரம் 0.60.

இதற்கு மேல் தளர்வு நேரம். பரவலாக எடுத்தாளப்படும் அட்டவணையில் பெண்களுக்குச் சொந்தத் தேவைக்கு 7, அடிப்படைக் களைப்புக்கு 4, நின்று வேலை செய்வதற்கு 4, ஆக 15 விழுக்காடு. மின்விசிறி மட்டும் உள்ள வெக்கையான கொட்டகையென்றால் இன்னும் கூட்டுங்கள். மலேசிய வேலைவாய்ப்புச் சட்டப்படி ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்த பிறகு தர வேண்டிய 30 நிமிட ஓய்வை இதில் கலக்காதீர்கள், அது தனி. 0.60 உடன் 15 விழுக்காடு சேர்த்தால் 0.69.

எட்டு மணி நேர வேலை நாளின் 480 நிமிடத்தை 0.69ஆல் வகுத்தால் 695 பாக்கெட். நான்கு கூறுகளுக்கும் சேர்த்துக் கடிகாரம் காட்டிய 0.53ஐ மட்டும் வைத்து வகுத்தால் 905 வரும். அந்த 210 பாக்கெட்டும் யாராலும் போட முடியாதவை. அதை இலக்காக வைத்தால் சீல் சரியாக ஒட்டாத பாக்கெட்டுகள்தான் கூடும்.

காலையில் சீலர் சூடேறும் நேரமும் மாலையில் தரை கூட்டும் நேரமும் பாக்கெட் கணக்கில் வராது; அவற்றை 480இலிருந்து முன்கூட்டியே கழித்துவிடுங்கள். சீலரை மாற்றினால் சீல் வைக்கும் கூறை மட்டும் மீண்டும் அளந்தால் போதும். 500 கிராம் பாக்கெட் போடத் தொடங்கினால் நிறுக்கும் கூறோடு, சாக்கையும் பெட்டியையும் எத்தனை பாக்கெட்டுக்குப் பங்கிடுவது என்பதையும் திருத்துங்கள். பழைய தாளில் தேதி, ஆள், தராசு, சீலர் எல்லாம் எழுதியிருந்தால்தான் இது முடியும்.