வன உரிமை மனு: பட்டாவோடு நின்றுவிடாதீர்கள்

காட்டில் வாழ்பவர்களுக்கு நிலத்திலும் வனப்பொருளிலும் உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-ல் நிறைவேறியது. 2007 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் மலைக்கிராமங்களில் மனு எழுத உட்காரும்போது பேச்சு நிலப் பட்டாவிலேயே முடிந்துபோகிறது. பெரிய இழப்பு அங்கேதான்.

படிவம் ஏ தனிநபர் நிலத்துக்கு. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவித்துவரும் பரப்புக்குத்தான் உரிமை. அதிகபட்சம் 4 ஹெக்டேர். தேன், நெல்லி, கடுக்காய், மூங்கில் போன்றவற்றைச் சேகரித்து விற்கும் உரிமை படிவம் பி-யில் வரும். காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் சி. ஊர் முழுக்க வருமானம் பார்க்க வழி இந்த இரண்டில்தான் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேந்தா லேகா கிராமம் 2009-ல் சமூக உரிமை, அதாவது ஊருக்கே பொதுவான உரிமை பெற்று, 2011-ல் தன் மூங்கிலைத் தானே விற்றது. 2012 விதித் திருத்தத்தின்படி, தேன், மூங்கில் போன்ற சிறு வனப்பொருளைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு தருவது கிராம சபையின் குழு. கட்டணமும் ராயல்டியும் கிடையாது. செக்போஸ்ட்டில் தேன் டின்னை இறக்கச் சொன்னால் காட்ட வேண்டியது அந்தச் சீட்டைத்தான்.

அடுத்தது மனு மீது தீர்மானம் போடும் கிராம சபைக் கூட்டம். பத்துப் பதினைந்து குக்கிராமங்களைச் சேர்த்து ஊராட்சி அளவில் கிராம சபை கூட்டினால், மலைமேல் இருப்பவர்கள் வரவே முடியாது. குடியிருப்பு அளவில் கூட்டுங்கள். உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் கைரேகையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். மறுநாள் வீடு வீடாகப் போய் வாங்கினால் யாராவது கேள்வி எழுப்புவார்கள், மனு அங்கேயே சிக்கிவிடும்.

ரசீது இல்லை, ஆவணம் இல்லை என்று பலர் மனுவே போடுவதில்லை. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் சாட்சியம். பழைய கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம், போட்ட வரப்பு எல்லாம் சாட்சியம்தான். ஆனால் ஒன்று போதாது, இரண்டாவது வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரும் மனுவைத் தள்ள முடியாது.

ஈரோடு மாவட்டம் கடம்பூர் மலையில் வாழும் மலையாளி எனப்படும் மலைவாழ் மக்கள் (கேரளத்தவர் அல்ல) பழங்குடிச் சான்றுக்காகப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அந்தச் சான்று வரட்டும் என்று மனுவை நிறுத்திவைக்கத் தேவையில்லை. மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து அங்கே வாழ்ந்ததைக் காட்டினால் 'இதர பாரம்பரிய வனவாசிகள்' என்ற பிரிவில் கேட்கலாம். சிரமம்தான், ஆனால் சட்டம் அந்த வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது.

"உங்க மனு தள்ளுபடி ஆயிடுச்சு" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் சரி என்று திரும்பி வராதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான். கோட்ட அளவிலான குழு நிராகரித்தால் மாவட்டக் குழுவுக்குப் போகலாம். விசாரணை முடியும்வரை உங்களை வெளியேற்றக் கூடாது என்று பிரிவு 4(5) சொல்கிறது. அந்த எண்ணை உங்கள் கிராம சபைக் குழு உறுப்பினர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அப்புறம், உரிமைச் சான்று கைக்கு வந்ததும் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலம் வாரிசுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. எவராவது அதை வைத்து முன்பணம் தருகிறேன் என்று வந்தால் வாங்காதீர்கள்.