தண்ணீர்த் தாங்கிக்கு என்ன அளவு கேடர்?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டுக்கு வீடு தாங்கி ஏற்றுகிறோம். தாங்கியைச் சுமக்கும் இரும்பு உத்திரமான கேடரை மட்டும் கண்மதிப்பில் வாங்காதீர்கள். கணக்கு சின்னதுதான்.

2000 லீற்றர் தாங்கியை 4 மீற்றர் நீளக் கேடர் இரண்டில் வைத்தால், ஒன்றுக்கு 1000 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 10 கிலோநியூட்டன். பாரம் முழுதும் நடுவில் என்று எடுப்பது பாதுகாப்பு. பாரத்தை நீளத்தால் பெருக்கி 4ஆல் பிரிக்க, வளைவுத் திருப்பம், அதாவது பாரம் கேடரை வளைக்கும் வலு, 10 கிலோநியூட்டன் மீற்றர். சாதாரண உருக்கு பாதுகாப்பாகத் தாங்குவது சதுர மில்லிமீற்றருக்கு 165 நியூட்டன் என்று வைத்தால், தேவையான செக்‌ஷன் மொடியுலஸ் (கேடரின் குறுக்குவெட்டு வளைவை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் அளவு) சுமார் 61 கன சென்ரிமீற்றர்.

கடையில் எடை, விலை கேட்பதோடு நிற்காமல் அளவு அட்டவணையையும் கேளுங்கள். 150×75 மில்லிமீற்றர், 5 மில்லிமீற்றர் நடுத்தகடும் 7 மில்லிமீற்றர் விளிம்பும் உள்ள கேடருக்கு இந்த மொடியுலஸ் 88.8 கன சென்ரிமீற்றர். கேடரின் சொந்த எடை, வெறுந்தாங்கியின் எடை எல்லாவற்றுக்கும் போதும். நடுவில் தொய்வு 10 மில்லிமீற்றர் அளவில் நிற்கும். நீளத்தில் 360இல் ஒரு பங்கு, 11 மில்லிமீற்றர், தாண்டவில்லை.

அதே கேடரைப் படுக்கையாகப் போட்டால் 88.8 வெறும் 13.2 ஆகிவிடும்! சில இடங்களில் அப்படிக் கிடத்தியிருப்பதைப் பார்க்கவே நெஞ்சு பதறுகிறது. நிமிர்த்தியே வையுங்கள். இரண்டும் பக்கவாட்டில் சரியாமல் குறுக்குச் சட்டம் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் துரு தகட்டைத் தின்னும். ஒரு அளவு கூட்டியே எடுங்கள்.