கோடை விடுமுறையில் நரம்பியல் ஆய்வகம்: இளநிலை மாணவர்கள் நுழைவது எப்படி

மே, ஜூனில் ஒரு மூளை ஆய்வகத்தில் வேலை பழக வேண்டுமென்றால் அதற்கு அக்டோபர், நவம்பரிலேயே இறங்கிவிட வேண்டும். நம் கல்லூரிகளில் பலருக்கு செமஸ்டர் தேர்வு முடிந்தபிறகுதான் இந்த நினைப்பே வருகிறது, அதற்குள் இடங்கள் நிரம்பிவிடுகின்றன.

பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு மாதப் பயிற்சி, மாத உதவித்தொகை, ரயில் கட்டணம் எல்லாம் உண்டு. விண்ணப்பம் வழக்கமாக நவம்பரோடு முடிந்துவிடும். பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம், சென்னை ஐஐடி ஆகியவையும் தனித்தனியாகக் கோடைப் பயிற்சி தருகின்றன. எந்த ஆண்டு மாணவர், எவ்வளவு மதிப்பெண் என்ற விதி இடத்துக்கு இடம் மாறும், அந்தந்த ஆண்டு அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தரும் கோடைத் திட்டங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான், அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். வெளிநாடுதான் வேண்டுமென்றால் ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் எந்த நாட்டு மாணவரையும் பயிற்சிக்கு எடுக்கிறது, அங்கே நரம்பியல் பலமான துறை.

உயிரியல் படிப்பவர்களுக்குத்தான் இது என்று நினைத்து விலகிவிடாதீர்கள். இயற்பியல், கணிதம், மின்னணுவியல், உளவியல் மாணவர்களை இந்த ஆய்வகங்கள் தேடுகின்றன, ஏனென்றால் மூளை ஆய்வில் பாதி வேலை சிக்னலைப் பிரிப்பதும் படங்களில் செல்களை எண்ணுவதும்தான்.

சரி, விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? இங்கேதான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். "சிறு வயதிலிருந்தே மூளை மீது எனக்கு மிகுந்த ஆர்வம், உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் வாய்ப்புத் தாருங்கள்" என்ற கடிதம் ஒரு பேராசிரியருக்கு நாள்தோறும் வரும், பெயரை மட்டும் மாற்றி நாற்பது பேருக்கு அனுப்பியது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். இரண்டு மாதத்தில் ஒரு சின்னக் கேள்விக்குத்தான் விடை தேட முடியும், அதனால் அந்தச் சின்னக் கேள்வியையே எழுதுங்கள். பசித்த பழ ஈக்கள் வாசனையை நோக்கி வேகமாக நகர்கின்றன என்று அந்த ஆய்வகம் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "பட்டினி நேரத்தை நான்கு மணி, எட்டு மணி, பன்னிரண்டு மணி என்று கூட்டினால் வேகமும் கூடிக்கொண்டே போகுமா, ஒரு கட்டத்தில் நின்றுவிடுமா என்று பார்க்க விரும்புகிறேன், வீடியோவிலிருந்து ஈயின் பாதையை எடுக்கும் அளவுக்குப் பைத்தான் நிரல்மொழி தெரியும்" என்று நான்கு வரி போதும். கேள்வி தவறாகவே இருந்தாலும் பரவாயில்லை, கட்டுரையை உண்மையில் படித்திருக்கிறீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

எந்த உயிரியில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதையும் இந்த இரண்டு மாதக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். எலியில் புதிதாக ஒரு பரிசோதனை தொடங்க நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், அது வருவதற்குள் உங்கள் கோடை முடிந்துவிடும். ஏற்கெனவே அனுமதி பெற்று நடக்கும் வேலையில் ஒரு பகுதியைக் கேளுங்கள், இல்லையென்றால் பழ ஈயை எடுங்கள், 25 டிகிரி வெப்பத்தில் சுமார் பத்து நாளில் ஒரு தலைமுறை வந்துவிடும். ஏற்கெனவே பதிவான ஈஈஜி (தலையில் மின்வாய் வைத்து எடுக்கும் மூளை மின்னலைப் பதிவு) தரவைக் கணினியில் அலசுவதும் நல்ல தேர்வு. "மென்பொருள் வேலைதானா கொடுத்தார்கள்" என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு, என் கணிப்பில் கோடை முடியும்போது கையில் ஒரு முழு முடிவோடு திரும்புவது பெரும்பாலும் அவர்கள்தான்.

ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாளில் போய்க் கேட்காதீர்கள். மூன்று வாரம் முன்பே கேளுங்கள், அவர் வகுப்பில் நீங்கள் செய்த புராஜெக்ட், கேட்ட கேள்வி, விண்ணப்பிக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்ற கடிதத்தால் எந்தப் பயனும் இல்லை. தேர்வுத் தேதியோடு பயிற்சி மோதுமா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள், தடையில்லாச் சான்றுக்கும் அப்போதே எழுதிக் கொடுங்கள்.

மே மாதம் வரை சும்மா இருக்க வேண்டாம். நியூரோமேட்ச் அகாடமி என்ற இணையப் பள்ளி 2020-இல் தொடங்கிய கணினி நரம்பியல் (மூளையைக் கணக்கு, நிரல் வழியாக ஆராய்வது) வகுப்புகளின் பாடங்களும் பைத்தான் பயிற்சிகளும் இணையத்தில் இலவசம். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024-இல் வெளியிட்ட தரணி என்ற, கருவிலுள்ள சிசுவின் மூளைப் படத் தொகுப்பில் 5,132 மூளைச் சீவல்களின் படங்கள் இருக்கின்றன, வீட்டிலிருந்தே பெரிதாக்கிச் செல் செல்லாகப் பார்க்கலாம். ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் ஒரு படத்தைத் திறந்து செல்களைக் கையால் எண்ணி, பிறகு மென்பொருளை எண்ணவைத்து, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். ஆய்வகத்தில் முதல் வாரம் இதேதான் நடக்கும்.

உள்ளே போனதும் கைவேலை நிறைய இருக்கும். நாற்பது மைக்ரான் தடிமனில் வெட்டிய எலி மூளைச் சீவல் பஃபர் என்ற உப்புக் கரைசலில் மிதக்கும், அதை மெல்லிய ஓவியத் தூரிகையால் அலுங்காமல் தூக்கி, கண்ணாடி ஸ்லைடில் மடிப்பு விழாமல் விரிக்க வேண்டும். முதல் சில நாள் கிழியத்தான் செய்யும். தேவையில்லாத சீவல்களை வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள், முக்கியமான மாதிரியில் கை வைக்கும் முன் பக்கத்தில் இருக்கும் பிஎச்டி மாணவரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். அந்த அக்காவோ அண்ணனோதான் உங்களுக்கு உண்மையான ஆசிரியர், பேராசிரியரை வாரம் ஒருமுறை பார்த்தாலே அதிகம்.

குறிப்பேட்டில் அன்றன்றைக்கே எழுதுங்கள், சரியாக வராத பரிசோதனையையும் சேர்த்து. கடைசி இரண்டு வாரம் புதுப் பரிசோதனை எதையும் தொடங்க வேண்டாம், வரைபடமும் அறிக்கையும் அந்த நாட்களை முழுசாகத் தின்றுவிடும். அப்புறம், தரவும் நிரலும் ஆய்வகத்துக்குச் சொந்தம், எதை எடுத்துப் போகலாம் என்று கேட்டுவிட்டே பிரதி எடுங்கள். முதுநிலை விண்ணப்பத்துக்குப் பரிந்துரை தருவீர்களா என்பதையும் கிளம்பும் முன் நேரிலேயே கேட்டுவிடுங்கள்.