பிரஷர் உள்ள கர்ப்பிணிக்கு ஸ்டீராய்டு ஊசி: அளவு, நேரம், கவனிப்பு

இந்த ஊசி தாயின் இரத்த அழுத்தத்துக்கானது அல்ல; குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரலுக்கானது. பிரஷர் இன்னும் ஏறிவிடுமோ என்று தயங்க வேண்டாம். இதில் பயன்படும் பீட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன் என்ற இரண்டு மருந்துகளுக்கும் உடலில் உப்பைத் தேக்கும் குணம் மிகக் குறைவு. 1972இல் வெளியான, நியூசிலாந்தில் நடந்த முதல் ஆய்வில் கடும் பிரஷர் இருந்தவர்களிடம் வயிற்றிலேயே சிசு இறப்பது கூடுதலாகத் தெரிந்ததால் இந்த ஊசி பற்றிய அச்சம் நெடுநாள் நிலவியது. பிரேசிலில் கடுமையான பிரீஎக்லாம்சியா (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோய்) உள்ள 218 பேரிடம் செய்து 1999இல் வெளியான ஆய்வு அதைத் தணித்தது: சிசுவின் மூச்சுத்திணறல் 43 சதவீதத்திலிருந்து 23 ஆகக் குறைந்தது.

24 முதல் 34 வாரத்துக்குள், ஏழு நாளில் பிரசவம் ஆகும் என்ற நிலை இருந்தால் மருத்துவர் உத்தரவின்படி தொடங்குங்கள். வாரக் கணக்கை முதல் ஸ்கேனோடு ஒத்துப்பாருங்கள். தாயும் சேயும் நன்றாக இருக்கும்போது 'எதற்கும் இருக்கட்டும்' என்று போடக்கூடாது. முதல் ஊசி போட்டு 24 மணி நேரம் ஆனதிலிருந்து ஏழு நாள் வரைதான் பலன் உச்சத்தில் இருக்கும்.

பீட்டாமெத்தசோன் என்றால் 12 மி.கி., 24 மணி இடைவெளியில் இரண்டு ஊசி. டெக்ஸாமெத்தசோன் என்றால் 6 மி.கி., 12 மணிக்கு ஒன்றாக நான்கு. இரண்டுமே தசையில். டெக்ஸாமெத்தசோன் பெரும்பாலும் 2 மில்லி குப்பியில், மில்லிக்கு 4 மி.கி. என வரும், லேபிளைப் படித்து 1.5 மில்லி மட்டும் எடுங்கள். முழுக் குப்பியையும் ஏற்றினால் 8 மி.கி. போய்விடும். பிரெட்னிசோலோன் மாத்திரை இதற்கு ஈடாகாது, நஞ்சுக்கொடி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடும். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் மிகவும் குறைந்திருந்தால் தசையில் இரத்தம் கட்டலாம். ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிரஷர் 160/110 அல்லது அதற்கு மேல் நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் லேபெட்டலால், நிஃபெடிபின் போன்ற பிரஷரைக் குறைக்கும் மருந்து தொடங்கியாக வேண்டும். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட் தனி. ஸ்டீராய்டு இவற்றில் எதற்கும் மாற்று இல்லை.

வலிப்பு, நஞ்சுக்கொடி பிரிதல், நுரையீரலில் நீர், அடங்காத பிரஷர் என்று வந்தால் ஊசிகள் முடியட்டும் என்று காத்திருப்பது தாயின் உயிரோடு விளையாடுவது. தாயை நிலைப்படுத்தி, பிரசவத்துக்குப் போங்கள். முதல் ஊசி மட்டும் விழுந்திருந்தாலும் குழந்தைக்குப் பலன் உண்டு.

பிறகு சர்க்கரையைப் பாருங்கள்; சுமார் 12 மணி நேரத்தில் ஏறத் தொடங்கி ஐந்து நாள் வரை நீடிக்கலாம், நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலின் கூட்டவேண்டிவரும். வெள்ளணுவும் ஓரிரு நாள் கூடும். காய்ச்சல் இருந்தால் ஸ்டீராய்டால்தான் என்று விட்டுவிடாமல் தொற்றைத் தேடுங்கள். குழந்தையின் அசைவும் இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கமும் சில நாள் குறையலாம்; ஆனாலும் அசைவு குறைந்தது என்று தாய் சொன்னால் உடனே பரிசோதியுங்கள்.

வேறு மருத்துவமனைக்கு அனுப்புவதானால் மருந்தின் பெயர், அளவு, முதல் ஊசி போட்ட தேதி, மணி ஆகியவற்றைச் சீட்டில் எழுதுங்கள். இல்லையென்றால் அங்கே முதலிலிருந்து மறுபடி போடுவார்கள்.